பழைய பாய்மரப் படகின் கேபின் ஜன்னல்: எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம்

ஏப்ரல் கடைசியில் வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரிக்கரையில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். குளிர்காலம் முழுக்கப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருப்பார்கள். படகுக்காரர் கேபினுக்குள் மண்டியிட்டு, மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கை ஈரமானால் அடுத்து அவர் கண் போவது ஜன்னலுக்குத்தான்.

1970களிலும் 80களிலும் இந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கட்டிய ஃபைபர்கிளாஸ் படகுகள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் ஃபைபர்கிளாஸுக்கு இருக்கும் ஆயுள் ஜன்னலைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் பசைக்கும் கிடையாது. என் படகு 27 அடி, 1978இல் கட்டியது. அதன் ஜன்னல்களை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் வீணாய்ப் போனதற்கு ஒரே காரணம்: பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வரும்வரை ஸ்க்ரூவை இறுக்கினேன். மூன்றாவது முறை பசை தடிமனாக நிற்க இடம் விட்டேன், ஒழுகல் நின்றது. அப்புறம் நண்பர்களின் படகுகளிலும் இதே வேலை. அங்கெல்லாம் பார்த்ததை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படகில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் கீழே வரும் முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: ஹோஸ் சோதனை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே தோட்டத்து ஹோஸுடன், ஒருவர் உள்ளே டார்ச்சுடன். ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் இருக்கும் அலங்காரப் பலகை, திரை, திரைக்கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரை லேசாகப் பூசுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் தடம் தெரியும்.

தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். முதலில் ஜன்னலின் கீழ்விளிம்பில் மட்டும் ஐந்து நிமிடம். பிறகு பக்கங்கள், பிறகு மேல்விளிம்பு, கடைசியில் கேபின் கூரை. மேலே தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்று சொல்லவே முடியாது. விரலால் ஹோஸ் வாயை அடைத்துப் பீய்ச்ச வேண்டாம். மழை போல வழியவிடுங்கள்.

கடலில் ஓட்டுபவர்கள் சொட்டை நாக்கில் வைத்து உப்பா என்று பார்ப்பார்கள். உப்பு என்றால் அலை, இல்லையென்றால் மழை. எங்கள் ஏரி நன்னீர், அந்த வசதி இல்லை. அதனால் சந்தேகப்படும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் வயல்வரப்பு போல ஒரு சின்ன வரப்பு கட்டி, கேக்கில் சேர்க்கும் வண்ணச் சாயத்தைக் கலந்த தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுக் காத்திருப்போம்.

தனியாளாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. மின்சாரத்தில் ஓடும் இலை ஊதியை கேபின் வாசலில் வைத்து, சுற்றிலும் அட்டையும் டேப்பும் போட்டு அடைத்து, குறைந்த வேகத்தில் உள்ளே காற்று ஊதுங்கள். மற்ற எல்லாத் திறப்புகளையும் மூடியிருக்க வேண்டும். வெளியே ஜன்னலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

மழையே இல்லை, ஆனால் காலையில் ஜன்னலடியில் ஈரம்

பெரும்பாலும் இது ஒழுகல் இல்லை. இரவு இரண்டு பேர் உள்ளே தூங்கியிருப்பீர்கள், அடுப்பில் தண்ணீர் கொதித்திருக்கும். குளிர்ந்த அலுமினியச் சட்டம் வியர்க்கிறது. உறுதி செய்ய, ஜன்னலை உள்பக்கம் துடைத்துவிட்டு, அதன்மேல் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் ஈரம் தாளின் கேபின் பக்கம் என்றால் வியர்வை. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் திரண்டு நின்றால் ஒழுகல். வியர்வைக்கு மருந்து காற்றோட்டம். இரவில் மேல்மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலே பாதி குறைந்துவிடும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

மழை பெய்தால் கீழ்மூலையில் சொட்டுகிறது

எல்லோருக்கும் வரும் கோளாறு இதுதான். செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு வைக்கும் காரணத்துக்குப் போவோம்.

*திறந்து மூடும் ஜன்னலா?* அப்படியானால் சட்டத்தின் கீழ்ப்பக்கம் வெளியே தண்ணீர் வடியச் சின்னத் துளை இருக்கும். தூசியும் சிலந்திக்கூடும் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். அடுத்து ரப்பர் கேஸ்கட். ஒரு காகிதத் துண்டை நடுவே வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. அதே வடிவம், அதே மென்மையுள்ள ரப்பராக மாற்ற வேண்டும். இரு முனைகளும் சேரும் இணைப்பை மேல்பக்கம் நடுவில் வையுங்கள். கீழே வைத்தால் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே வாசல் திறந்து வைத்ததாகிவிடும். கைப்பிடியை இன்னும் ஒரு சுற்று முறுக்கிச் சமாளிப்பதில் பயனில்லை. ரப்பர் இன்னும் தட்டையாகும்.

*திறக்காத ஜன்னலா?* ஜன்னலைத் தொடுவதற்கு முன் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் நண்பர் ஒருவரின் படகில் வலது பக்க ஜன்னல் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முறை கழற்றி மாட்டியும் நிற்கவில்லை. கூரைமேல் ஓடும் தேக்குமரக் கைப்பிடியின் ஒவ்வொரு காலையும் சுற்றிக் களிமண் வரப்பு கட்டினோம். முதல் இரண்டில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. மூன்றாவது வரப்பில் நீலத் தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பித்தது. உள்ளே டார்ச்சைப் பிடித்தபடி நான் ஜன்னலின் கீழ்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சட்டத்தின் ஓரத்தில் ஒரு குண்டூசித் தலை அளவு நீலம் எழுந்து, பருத்து, பவுடரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் இடையே இரண்டடி தூரம். கூரைக்கும் உள்மேற்கூரைக்கும் இடையே நடந்து வந்து, முதலில் கிடைத்த துளையில் இறங்கியிருக்கிறது. அந்தத் துளை ஜன்னல் வெட்டு. கைப்பிடி, கம்பித்தூண், கயிறு ஓடும் தண்டவாளம், காற்றுக்குழல் என்று மேலே திருகியிருக்கும் ஒவ்வொன்றையும் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் ஜன்னலுக்கு வர வேண்டும்.

*கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வருகிறதா?* பழைய ரப்பர் பட்டை சுருங்கி, மூலைகளில் இடைவெளி தெரியும். நகம் நுழைகிறதா பாருங்கள். பட்டையை மாற்றுவதுதான் தீர்வு. பருவத்தின் நடுவில் நேரமில்லை என்றால், மயிரிழை இடுக்கில் தானாக ஊறி நுழையும் கேப்டன் டோலீஸ் போன்ற திரவத்தை விட்டு ஓட்டலாம். தற்காலிகமாகத்தான்.

*சட்டத்துக்கும் கேபின் சுவருக்கும் நடுவில் வருகிறதா?* அப்படியென்றால் கழற்றியே ஆக வேண்டும். வெளியே சுற்றி சிலிக்கோனைப் பூசிவிட்டுத் தப்பிக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அது மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாது. உள்ளே போன தண்ணீர் வெளியேற இருந்த வழியையும் அடைக்கும். அடுத்த வருடம் முறையாகச் செய்ய வரும்போது, சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறு எந்தப் பசையும் பெயின்டும் ஒட்டாது.

கழற்றும் முறை: உள்வளையத்தின் ஸ்க்ரூக்களை எடுத்து, எந்த ஜன்னல், எந்தத் துளை என்று அட்டையில் குத்தி வையுங்கள். மெல்லிய புட்டிக் கத்தியை வெளிவிளிம்பில் செருகி, சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் அலுமினியச் சட்டம் வளையும், வளைந்தது பழையபடி நிமிராது. பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஃபைபர்கிளாஸ் பக்கம் மட்டும் அசிட்டோனால் துடையுங்கள். கண்ணாடி என்று நாம் சொல்வது அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால் அசிட்டோன் அதன் பக்கமே போகக் கூடாது.

சட்டம் போட்ட ஜன்னலுக்கு என் தேர்வு பியூட்டைல் டேப். இது காய்ந்து கெட்டியாகும் பசை இல்லை. பல வருடத்துக்கும் பிசின் போலவே இருக்கும். சட்டத்தின் பின்புறம் சுற்றி ஒட்டி, ஜன்னலை வைத்து, எதிரெதிர் ஸ்க்ரூக்களாக மெதுவாகத் திருகுங்கள். ஓரத்தில் பிசின் சீராக எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள். மறுநாள் கால் சுற்று, அதற்கு மறுநாள் கால் சுற்று. வெயில் நாளாக இருந்தால் நன்றாகப் படியும். பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிடுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* சட்டத்தைக் கழற்றியதும் வெட்டின் ஓரத்தில் மரம் கறுத்துச் சோறு போல உதிர்ந்தால், மாட்டாதீர்கள். கீழே “தட்டினால் பொத்தென்று சத்தம்” என்ற பகுதிக்குப் போங்கள்.

நிற்கும்போது ஒழுகாது, பாய் ஏற்றிச் சாய்ந்தால் ஒழுகுகிறது

காற்று பலமாக இருக்கும்போது பழைய படகின் உடம்பு லேசாக முறுகும். ஜன்னல் வெட்டுதான் கேபின் சுவரில் மெலிந்த இடம், முறுக்கு அங்கே தெரியும்.

சாய்ந்த பக்கத்து ஜன்னலில் மட்டும் வருகிறது என்றால், அலை நேராக அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மழைபோல வழியவிட்ட ஹோஸ் சோதனையில் இது தப்பியிருக்கலாம். இப்போது மட்டும் ஹோஸ் வாயை அழுத்தி, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பீய்ச்சிப் பாருங்கள். ஒழுகினால் மேலே சொன்ன கேஸ்கட் அல்லது பசை வேலைதான்.

காற்று வரும் பக்கத்து ஜன்னலில் வருகிறது என்றால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைக் கவனியுங்கள். இழுவிசை காட்டும் கருவியை யாரிடமாவது இரவல் வாங்கி அளந்து பாருங்கள். தேவைக்கு மேல் முறுக்கியிருந்தால் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்தக் கம்பிகளின் கால்தகடு தளத்தைத் துளைத்து இறங்கும் இடம் ஒழுகி, தண்ணீர் ஜன்னல்வரை வருவதும் சகஜம்.

*இங்கே நிறுத்திவிட்டு, படகைப் பரிசோதிக்கும் சர்வேயரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள் மூன்று:* ஜன்னல் வெட்டின் மூலையிலிருந்து ஃபைபர்கிளாஸில் விரிசல் ஓடுவது. படகு சாயும்போது கழிவறைக் கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுப்பது. பாய்மரத்துக்கு அடியில் உள்ள தடுப்புப் பலகை சுவரைவிட்டு நகர்ந்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் ஒழுகல் சின்ன விஷயம். படகின் எலும்பு அசைகிறது.

கண்ணாடி மங்கிவிட்டது, அல்லது உள்ளே சிலந்திவலை போலக் கோடுகள்

இரண்டும் வேறு வேறு. சாய்ந்த வெயிலில் பாருங்கள். மேல்பரப்பு மட்டும் பால் போல மங்கியிருந்தால், பிளாஸ்டிக்குக்கான பாலிஷும் மென்மையான துணியும் போதும். நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 800, 1200, 2000 என்று படிப்படியாகப் போய் பாலிஷ் போட்டால் இன்னும் தெளியும்.

கோடுகள் கண்ணாடியின் கனத்துக்குள் மின்னி, நகத்தில் தட்டுப்படாமல் இருந்தால் அது அக்ரிலிக் நொந்துபோனதன் அடையாளம். எந்தப் பாலிஷும் எடுபடாது. பல வருட வெயில், இறுக்கிப் பிடித்த சட்டம், வீட்டு ஜன்னலுக்குத் தெளிக்கும் அம்மோனியா கலந்த நீலத் திரவம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. மாற்ற வேண்டியதுதான். இனிமேல் துடைக்கச் சோப்புத் தண்ணீர் மட்டும்.

மாற்றும்போது வார்ப்பு அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். உருக்கிப் பிதுக்கிச் செய்த மலிவு ரகம் வெட்டும்போது உருகும், ரசாயனம் பட்டால் சீக்கிரம் வெடிக்கும். பாலிகார்பனேட் அடி தாங்கும், சுத்தியலுக்கும் உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலில் மஞ்சளிக்கும். ஏரியில் ஓட்டுபவருக்கு அக்ரிலிக்தான் சரி என்பது என் கருத்து. சின்ன ஜன்னலுக்கு 6 மி.மீ., நீளமானதற்கு 10 மி.மீ. பெருங்கடல் தாண்டப்போகிறவர்கள் என் கணக்கை நம்ப வேண்டாம். சிறு படகுகளின் ஜன்னலுக்கென்றே ஐஎஸ்ஓ 12216 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒரு வல்லுநர் கனத்தைக் கணக்கிட்டுத் தரட்டும்.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் அச்சு. பிளாஸ்டிக் கடையில் கொடுத்தால் அதன்மேல் வைத்தே வெட்டி, ஓரம் வழித்துத் தருவார்கள். நானே ஜிக்சாவில் வெட்டியதைவிட அது பலமடங்கு சுத்தமாக வந்தது. மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். உங்களுடையது உண்மையான டெம்பர்டு கண்ணாடி என்றால் அதை வெட்ட முடியாது, அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும்.

சட்டமில்லாமல் ஒட்டிய கண்ணாடி மூலையில் எழும்புகிறது

80களின் படகுகளில் சட்டமே இல்லாமல் சுவரின் பள்ளத்தில் கறுப்புக் கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள். பார்க்க அழகு. கோளாறு வந்தால் எப்போதும் மூலையில்தான் முதலில் தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும்.

என் படகில் இப்படி எழும்பிய கண்ணாடியைக் கழற்றியபோது பசையைப் பார்த்தேன். நடுவில் வெங்காயத் தோல் கனம். வெளியே பிதுங்கிய இடத்தில் மட்டும் விரல் கனம். அதுதான் பிரச்சினை. 90 செ.மீ. நீள அக்ரிலிக், மைனஸ் 20 டிகிரி குளிரிலிருந்து கோடை வெயிலில் 60 டிகிரிவரை சூடாகும்போது சுமார் 5 மி.மீ. நீளும். கறுப்புக் கண்ணாடி அந்தச் சூட்டை எளிதில் தொடும். அதைப் பிடித்திருக்கும் ஃபைபர்கிளாஸ் 2 மி.மீ. அளவுதான் நீளும். மீதி 3 மி.மீ. இழுபறியை நடுவில் இருக்கும் பசைதான் தாங்க வேண்டும். வெங்காயத் தோல் எப்படித் தாங்கும்? கிழியும். கிழிந்த இடுக்கில் தண்ணீர் நுழைந்து, டிசம்பரில் உறைந்து, உறையும்போது ஒன்பது சதவீதம் பருத்து இன்னும் கொஞ்சம் தள்ளும். இரண்டு குளிர்காலம் போதும்.

*காரணம் பசையின் கனமா, பசையின் வகையா?* கிழிந்த பசை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் கனம் போதவில்லை. கண்ணாடிப் பக்கம் வழவழவென்று சுத்தமாகக் கழன்றிருந்தால் பசை அக்ரிலிக்கில் ஒட்டவே இல்லை. தளத்தில் உலோகச் சாமான்களைப் பதிக்கும் சாதாரண பாலியூரித்தேன் பசையும் பாலிசல்ஃபைடும் இதற்கு உதவாது. ஒட்டாது, அல்லது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவி என்ற பசை பிளாஸ்டிக் ஜன்னலுக்கென்றே வந்தது. அதற்குரிய பிரைமர் போட்டே ஆக வேண்டும்.

நான் செய்வது வேறு: இருபக்கமும் ஒட்டும் த்ரீ எம் விஎச்பி டேப்பும் டவ்சில் 795 சிலிக்கோனும். டவ்சில் 795 உயரமான கட்டடங்களில் கண்ணாடி ஒட்டப் பயன்படுவது. இடைவெளியில் பாதியளவுக்கு நீண்டும் சுருங்கியும் கொடுக்கும். இதுவும் சிலிக்கோன்தானே, மேலே வேண்டாம் என்றீர்களே என்று கேட்கலாம். மேலே சொன்னது ஒழுகலை மறைக்க வெளியே தடவுவதைப் பற்றி. இங்கே கனம் அளந்து, கண்ணாடியைத் தாங்கும் இணைப்பாகவே போடுகிறோம். ஆனால் ஒருமுறை போட்டால் அடுத்த முறையும் சிலிக்கோன்தான் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

செய்யும் வரிசை:

கண்ணாடியைக் கழற்றுங்கள். கிடார் கம்பியை இரண்டு கட்டைகளில் சுற்றி, இருவர் இருபக்கமும் நின்று ரம்பம் போல இழுத்தால் பசை அறுபடும்.

பள்ளத்தை வெறும் ஃபைபர்கிளாஸ் தெரியும்வரை சுரண்டி, 80 எண் உப்புத்தாள் போட்டுத் துடையுங்கள். நாள் முழுக்க எடுக்கும், எடுக்கட்டும்.

புதுக் கண்ணாடியைப் பள்ளத்தைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. சிறிதாக வெட்டியிருக்க வேண்டும். உள்பக்கக் காகிதத்தை ஓரத்தில் மட்டும், ஒட்டும் அகலத்துக்குக் கிழித்து, 220 எண் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிக் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். அக்ரிலிக்குக்கு ஒத்துவரும் பெயின்டா, சிலிக்கோன் அதில் ஒட்டுகிறதா என்று முதலில் ஒரு துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கார் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருப்பதும் இதே காரணத்துக்குத்தான், வெயில் பசையைத் தின்னாமல் இருக்க.

விஎச்பி டேப்பில் 4991 என்ற ரகம் 2.3 மி.மீ. கனம், நம் ஆச்சாரிகள் கணக்கில் சுமார் முக்கால் நூல். அதைப் பள்ளத்தின் உள்விளிம்பை ஒட்டி, மூலைகளில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். இந்த டேப்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது, பசைக்கு வேண்டிய கனத்தையும் காப்பாற்றுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் பசை வெங்காயத் தோலாக மாற முடியாது.

கண்ணாடியை ஒரு தடவைதான் வைக்க முடியும், பட்டதும் பிடித்துக்கொள்ளும். டேப்பின் மேல்தாளை ஓரங்களில் மட்டும் உரித்து வெளியே நீட்டிவைத்து, கீழே சின்ன மரத்துண்டுகளில் கண்ணாடியை நிறுத்தி, இடம் சரிபார்த்து, பிறகு தாளை இழுங்கள்.

சுற்றியுள்ள இடுக்கின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பைக் காப்பாக ஒட்டி, இடுக்கில் சிலிக்கோனை அடிவரை நிரப்பி, இருபது நிமிடத்துக்குள் ஒரே இழுப்பில் வழித்து, காப்பு டேப்பைப் பசை ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். வெயிலும் இல்லாமல் பனியும் இல்லாமல் 10 முதல் 25 டிகிரி உள்ள நாளாகப் பாருங்கள். ஒரு வாரம் படகை ஆட்ட வேண்டாம்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* சுவர் வளைவாக இருந்தால் கவனம். அக்ரிலிக்கைச் சூடாக்காமல் வளைக்க, வளைவின் ஆரம் கனத்தைப் போல 180 மடங்காவது இருக்க வேண்டும், 6 மி.மீ. தாளுக்குச் சுமார் 1.1 மீட்டர். அதைவிட இறுக்கமான வளைவு என்றால் சூளையில் வளைத்துத் தரும் கடைக்குத்தான் போக வேண்டும். குளிராக வளைத்து ஒட்டினால் அது எந்நேரமும் நிமிரப் பார்த்து, நுனியிலிருந்து பசையை உரித்துக்கொண்டே இருக்கும்.

சட்டத்தில் வெள்ளைப் பொடி, ஸ்க்ரூ திரும்பவில்லை

அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் ஈரம், அலுமினியம் அரிபடுகிறது. முதலில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் சரியான அளவு திருப்புளியைத் தலையில் வைத்துச் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு, பிறகு முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், அப்புறம் தளர்த்தும் பக்கம். அசையாவிட்டால் சால்டரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூத் தலையில் வைத்துச் சூடேற்றுங்கள். ஹீட் கன் வேண்டாம், கண்ணாடி கெடும். அதுவும் முடியாவிட்டால் தலையை டிரில் போட்டு எடுக்க வேண்டியதுதான்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் உலோக அரிப்பைத் தடுக்கும் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் தடவுங்கள். சட்டம் விரல் நகத்தால் கீறினாலே உதிர்கிறது என்றால், புதுச் சட்டம் செய்து தரும் பட்டறையைத் தேடுங்கள், அல்லது சட்டத்தையே விட்டுவிட்டு கீழே வரும் புதுத் தோற்றத்துக்குப் போங்கள்.

தட்டினால் பொத்தென்று சத்தம், உள்பலகை கறுத்திருக்கிறது

பழைய படகுகளின் தளமும் சில படகுகளில் கேபின் சுவரும் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்தவை. ஜன்னலைச் சுற்றித் திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடம் ஈரச் சாக்கைத் தட்டியது போலக் கேட்கும். எல்லையை மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள்.

வெட்டின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் என்றால் நீங்களே செய்யலாம். ஆணியை வளைத்து டிரில்லில் மாட்டி, இரண்டு தோலுக்கும் நடுவே விட்டு, கெட்டுப்போனதைச் சுரண்டி எடுங்கள். விசிறி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் செய்த வேலை வீண். முதலில் பொடி கலக்காத எபாக்சிப் பிசினைத் தடவி, பிறகு பொடி கலந்து வெண்ணெய் பதமாக்கிய எபாக்சியால் இடைவெளியை நிரப்புங்கள். இனி எந்த ஜன்னல் ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மரம் நன்றாக இருந்தாலும்கூட, ஜன்னலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த ஓரத்தை எபாக்சியால் மூடிவிடுவேன்.

ஊறல் ஒரு சாண் அகலத்தைத் தாண்டினால், அல்லது டேப் குறி பாய்மரத்தின் அடிவரை போனால், படகுப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். வெளித்தோலை அறுத்துத் திறந்து செய்யும் வேலை அது.

புதுத் தோற்றம் கொடுத்தேன், இப்போது போல்ட்டைச் சுற்றி விரிசல்

சின்னச் சின்ன ஜன்னல்களை எடுத்துவிட்டு, வெளிப்புறமாக ஒரே நீளக் கறுப்புக் கண்ணாடியைப் பதித்தால் 45 வருடப் படகு புதுசு போலத் தெரியும். இதில் வரும் முதல் கோளாறு போல்ட் துளை. காரணங்களை வரிசையாகப் பாருங்கள்: போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம், துளை போல்ட்டின் அளவுக்கே இருந்து கண்ணாடி நகர இடமில்லாமல் போயிருக்கலாம், கூம்புத் தலை ஸ்க்ரூ ஆப்பு போல இறங்கிப் பிளந்திருக்கலாம், உலோகத்துக்கான டிரில் முனை துளையின் ஓரத்தைச் சிதைத்திருக்கலாம். விரிசல் விட்ட கண்ணாடி தேறாது. அடுத்த கண்ணாடியில் துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக, தட்டைத் தலை, அடியில் ரப்பர் வாஷர், கை இறுக்கம் மட்டும். போல்ட் கண்ணாடியை நசுக்கக் கூடாது, பிடித்தால் போதும். பசையின் கனம் இங்கேயும் அதேதான்.

இரண்டாவது கோளாறு, உள்ளே இருட்டு. கடையில் சின்னத் துண்டாக வெளிச்சமாகத் தெரிந்த புகைக்கறுப்பு, கேபினில் மாட்டியதும் குகையாக்கிவிடும். துண்டை வாங்கிவந்து, பழைய ஜன்னல்மேல் வைத்து, மாலை நேரத்தில் உள்ளே உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மூன்றாவது, அழகு. கறுப்பு அட்டையை வெட்டி மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, நூறடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு கேபின் கூரையின் கோட்டோடும் கீழ்விளிம்பு தளத்தின் கோட்டோடும் சேர்ந்து ஓடி, முன்பக்கம் மெலிந்தால் படகுக்கு வேகம் வந்ததுபோல் இருக்கும். நேர்க்கோட்டில் வெட்டினால் பேருந்து ஜன்னல். அட்டையை ஒரு வாரம் அப்படியே விட்டு, வரும்போதும் போகும்போதும் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன்.

ஒன்று மட்டும் மாறக் கூடாது. பழைய ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் ஃபைபர்கிளாஸ் தூண்களை அறுக்காதீர்கள். கேபின் கூரையைத் தாங்குவது அவைதான். அவற்றின்மேல் மங்கல் கறுப்பு அடித்துவிட்டு மேலே கண்ணாடியை ஒட்டினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஜன்னலாகத்தான் தெரியும். வெட்டின் ஓரத்தைத் தாண்டி ஒரு அங்குலமாவது கண்ணாடி சுவரில் படிந்திருக்க வேண்டும். வெட்டைப் பெரிதாக்கியே தீர வேண்டும் என்றால் அது படகு வடிவமைப்பாளரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

எல்லாம் முடிந்து தண்ணீரில் இறக்கிய பிறகு

உள்பலகைகளை உடனே மாட்டாதீர்கள், மெத்தைகளையும் வீட்டிலேயே வையுங்கள். ஒவ்வொரு ஜன்னலின் கீழ்விளிம்பிலும் டிஷ்யூ தாளை மடித்து டேப் போட்டு ஒட்டி, ஒரு நல்ல மழையும் சாய்ந்து ஓடும் ஒரு காற்று நாளும் கடக்கட்டும். தாள் சுருங்கியிருந்தால் எந்த ஜன்னல், எந்த மூலை என்று அதிலேயே பேனாவால் எழுதிவிட்டு, ஹோஸை எடுத்துக் கீழிருந்து தொடங்குங்கள்.